கார்த்திகைத் தாள்

அந்தச் செபப் புத்தகத்தை வெட்டினவர் நீர்தான். நீர் இடதுகைக்காரர். பிளேடை மேலேயிருந்து கீழே இழுக்கும்போது கடைசி ஒரு விரற்கடையில் உம்முடைய வெட்டு உள்பக்கமாகச் சாயும். பன்னிரண்டு தாள் இருந்த இடத்தில் பன்னிரண்டு அடிக்கட்டை நிற்கிறது, பன்னிரண்டிலும் அதே சாய்வு. பதினொரு தாளை நான் அலைந்து, கத்தி, சில இடத்தில் கெஞ்சியும் மீட்டுவிட்டேன். மிச்சம் ஒன்று. கார்த்திகை மாதத் தாள். அதற்காகத் தெற்கு லண்டனில், குரோய்டனில் ஒரு மனிசி காத்துக்கொண்டிருக்கிறா.

உம்முடைய பேரை எழுதமாட்டேன். இங்கிலீஷில் எழுதினால் பொலிஸுக்கும் விளங்கிவிடும். தமிழில் எழுதினால் உமக்கு விளங்கும், அது போதும். டூட்டிங்கில் மரக்கறி வாங்கிவிட்டு, கடை வாசலில் கிடக்கிற இந்தப் பத்திரிகையை நீர் தூக்கிக்கொண்டு போகிறதை நானே கண்டிருக்கிறேன்.

மற்ற வாசகர்கள் குறைநினைக்கவேண்டாம். கடவுளுக்காகச் செய்த பொருளைக் கடவுளுக்குப் பயப்படாமல் விற்கிறதுதான் என் தொழில். அச்சு யந்திரம் வருமுன் ஐரோப்பாவில் கையால் எழுதிய செபப் புத்தகங்கள் இருக்கின்றன. எழுதுகிறவர் ஒருவர், படம் கீறுகிறவர் ஒருவர், பொன் ஒட்டுகிறவர் ஒருவர் என்று மாதக்கணக்கில் குந்தியிருந்து செய்தவை. அவற்றின் தனித்தாள்களை மேற்கு லண்டனில் ஒரு சனிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு விற்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர்களே, வாடிக்கையாளரின் வாயில் அடிபட்டு வீட்டுக்காரரில் அதைத் தீர்த்தவர்களே, நீங்கள் எல்லாம் என் இனம். பொருள்தான் வேறு, பாடு ஒன்று.

சாமியறையில் எட்டு மாதம்

ஜேர்மனியில் ஆறு வருஷம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவன் நான். கிழமை நாளில் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தை. அங்கே ஒருநாள் படச்சட்டங்கள் நிறைந்த பெட்டி ஒன்றை, பாதி உடைந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே மலிவாக வாங்கினேன். அடியில் ஒரு சட்டத்துக்குள் பொன் எழுத்து மினுங்கியது. பாஷை விளங்கவில்லை. ஓரமெல்லாம் கொடியும் பூவும் குருவியும். வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனிசியிடம் காட்டினேன். “வடிவாயிருக்கு, ஏதோ சாமி விஷயம் போல” என்றுவிட்டு அவ அதைச் சாமியறையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தா. வெள்ளிக்கிழமை தவறாமல் பூவும் வைத்தா.

எட்டு மாதத்துக்குப் பிறகு, இதைப் போல இன்னொன்றைச் சந்தையில் கண்டு விலை கேட்டபோதுதான் அது கடதாசி இல்லை என்று எனக்குத் தெரியவந்தது. கன்றுக்குட்டியின் தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரை வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிச் சுரண்டிக் கடதாசி மாதிரி ஆக்கிவிடுவார்களாம். வெளிச்சத்தில் பிடித்தால் மயிர் இருந்த புள்ளிகள் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். தெரிந்தது. வெள்ளிக்கிழமை என்பதை மறந்து அதை மனிசியிடம் சொல்லியும்விட்டேன். அவ கையிலிருந்த பூத்தட்டைக் கீழே வைத்தா. நான் பயத்தில், “மிருதங்கமும் தோல்தானே” என்றேன். “மிருதங்கத்துக்கு எட்டு மாதமாக் கற்பூரம் காட்டினனானோ? போகட்டும். அந்தக் கண்டுக்குட்டிக்காவது மோட்சம் கிடைச்சிருக்கும்.”

திருத்திய முகம்

தொழிலில் கொஞ்சம் வேர்விட்ட காலம். மாதா குழந்தையோடு இருக்கிற படத்தாள் ஒன்று விலைக்கு வந்தது. நீலம் அப்படியே நின்றது. ஆப்கானிஸ்தானத்தில் வெட்டின கல்லை அரைத்த நீலம் அது, பொன்னுக்குச் சமமாக நிறுத்து விற்றதாம். ஆனால் மாதாவின் முகம் மட்டும் தேய்ந்து, கரைந்து, வெறும் மங்கலாய் இருந்தது. எனக்கு இதைவிட என்ன வேண்டும்? “முகம் இல்லாத மாதாவை எவர் வாங்குவார்?” என்று ஒன்றரை மணித்தியாலம் கத்தி விலையைப் பாதியாக்கினேன். அந்த நேரம் எங்கள் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க இந்தியாவிலிருந்து ஓர் ஆசாரி வந்திருந்தார். அவருக்குச் சாப்பாடு போட்டு, தாளைக் கொடுத்து, முகம் எழுதச் சொன்னேன். மனுஷன் கெட்டிக்காரர். மீன் மாதிரி இரண்டு கண், செதுக்கின மூக்கு, சின்னச் சிரிப்பு. அம்மனே வந்து இருந்தது போல இருந்தது.

சந்தையில் அதை முதலில் கையில் எடுத்தவ இந்தப் புத்தகங்களைப் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தா. கண்ணாடியை எடுத்துவிட்டும் பார்த்தா. நான் பெருமையாக, முகம் புதிதாகப் போட்டது என்றேன். அவ கோபிக்கவில்லை, அதுதான் என்னை உறுத்தியது. செபம் சொல்கிறவர்கள் ஒவ்வொரு நாளும் அந்த முகத்தை முத்தமிடுவார்கள், நான் அழுக்கு என்று நினைத்தது உதட்டுத் தடம் என்று ஆறுதலாகச் சொன்னா. “இதை முதலே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே” என்று நான்தான் சத்தம் போட்டேன். அவ தாளை மேசையில் மெதுவாக வைத்தா. “ஐந்நூறு வருஷமாக ஆட்கள் தேய்த்த முகம். நீங்கள் ஒரு கிழமையில் அவர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டீர்கள்.”

மூச்சு

எனக்குப் பக்கத்து மேசை ஹெலனுடையது. கிழிந்த புத்தகங்களைத் தைப்பா, பழைய முறையில் பொன் ஒட்டுவா. சுண்ணாம்புத் தூளும் பசையும் சீனியும் குழைத்து எழுத்தின்மேல் சின்ன மேடு கட்டுவா. அது காய்ந்த பிறகு ஒரு குழாயை வாயில் வைத்து அடித்தொண்டையிலிருந்து அதன்மேல் ஊதுவா. மூச்சின் ஈரத்தில் பசை விழித்துக்கொள்ளும். உடனே பொன் தகட்டை மேலே விடவேண்டும். தகடு எவ்வளவு மெல்லியது என்றால், பக்கத்தில் ஒருவர் தும்மினால் அது அடுத்த மேசைக்குப் போய்விடும். பிறகு நாய்ப்பல் பூட்டின ஒரு கோலால் தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி மாதிரி வரும்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் நான் சொன்ன விலையில் பத்தில் ஒன்று கேட்டார். நான் அவருடைய தகப்பன் வரைக்கும் போய்விட்டேன். அவர் ஓட, எனக்கு நெஞ்சு இரைக்கிறது. ஹெலன் குழாயை நீட்டி, “இங்கே வந்து ஊதுங்கள்” என்றா. ஊதினேன். தகட்டை விட்டா. ஓர் ஓரம்கூடப் பிரியாமல் இழுத்துக்கொண்டு படுத்தது. அவ நாய்ப்பல்லைத் தேடிக்கொண்டே சொன்னா: “தினமும் யாரோடாவது சண்டை பிடித்துவிட்டு வாருங்கள். உங்கள் மூச்சில் பொன் நன்றாக ஒட்டுகிறது.”

நானும் வெட்டினவன்

இதைச் சொல்லாமல் உம்மைக் குற்றம் சொன்னால் என் வாய் அழுகும். மட்டை கழன்ற, பைபிள் சங்கீதங்கள் எழுதிய புத்தகம் ஒன்றை முழுதாக வாங்கினேன். முழுதாக விற்க ஏலாது என்று எல்லாரும் சொன்னார்கள். தாளாக்கினால் விற்கும் என்றார்கள். குசினி மேசையில் பலகை வைத்து நான்தான் வெட்டினேன். முதல் தாளுக்கு அளவுகோலை மூன்றுமுறை வைத்துப் பார்த்தேன். பத்தாம் தாளில் ஒருமுறைதான். அறுபதாம் தாளில் றேடியோ கேட்டுக்கொண்டே வெட்டினேன். நீர் அப்போது சந்தையில் எனக்கு எதிர் வரிசையில் மேசை போட்டிருந்தீர். தாள்கள் ஒவ்வொன்றாகப் போகிறதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்.

ஓய்வுபெற்ற ரெயில் சாரதி ஒருவர் ஒரு தாளை வாங்கிக்கொண்டு போனார். லத்தீன் சொந்தமாகப் படித்தவர். இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். காசைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்றேன். அவர் தாளை மேசையில் விரித்து, கடைசி வரியின் முடிவில் விரலை வைத்தார். அடுத்த தாள் எங்கே என்று கேட்டார். அது எப்போதோ அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அவர் காசு கேட்கவில்லை. தாளைத் திரும்பச் சுருட்டினார். “கடவுளைப் பார்த்து ஒரு ஆள் பாதி வசனத்தில் நிற்கிறான், ஐயா. அவனை அப்படியே நிற்கவிட்டு நான் எப்படி இதைச் சுவரில் மாட்டுவது?” அதன் பிறகு நான் ஒரு புத்தகத்தையும் வெட்டவில்லை. நீர் தொடங்கினீர்.

குரோய்டனில் ஒரு தேநீர்

குரோய்டன் என்றால் எங்கள் ஆக்களுக்கு இன்றைக்கும் குடிவரவு அலுவலகம்தான். அகதி விசாவுக்கு ஃபைல் கட்டோடு விடியவே வரிசையில் நின்ற இடம். இந்த 2009ஆம் வருஷம் சித்திரை மாதம் அங்கே ஒரு வீட்டுக்குப் போனேன். ஊரில் கடைசிச் சண்டை நடந்த அந்த மாதங்கள் எங்களுக்கு எப்படிப் போயின என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முதல் நாள் முழுக்கப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்தி, எனக்குக் குரலே இல்லை. கூப்பிட்டவ மிசிஸ் நோலன், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐரிஷ் மனிசி. செபப் புத்தகத்தின் கொளுக்கி கழன்றுவிட்டது, பூட்டித் தர ஏலுமா என்று கேட்டா. புருஷனின் மாமி ஒருத்தி பாதிரியார் வீட்டில் சமைத்தவவாம். பாதிரியார் அவவுக்கு விட்டுப்போன புத்தகம், உள்ளங்கையளவு.

இப்படிப் புத்தகங்களின் முன்பக்கத்தில் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். மாதத்துக்கு ஒரு தாள் (ஜனவரியைத் தை, நவம்பரைக் கார்த்திகை என்று எங்கள் வழக்கில் சொல்கிறேன்), விசேஷ நாட்கள் சிவப்பு மையில், மேலே அந்த மாதத்து வேலையைக் காட்டுகிற சின்னப் படம். வைத்திருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பிறப்பு இறப்புகளைத் திகதிக்குப் பக்கத்தில் எழுதிவைப்பார்கள். மிசிஸ் நோலனின் புருஷன் மேசன் வேலை செய்தவர். இளவயதில் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை செத்துப் பிறந்தது. அந்தக் காலத்தில் அப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பதிவில் பேர் எழுத விடமாட்டார்களாம். எந்தக் குழியில் தாட்டது என்றுகூட ஆஸ்பத்திரியில் சொல்லவில்லையாம். அவர் மேசன் பென்சிலை எடுத்து, கார்த்திகைத் தாளில், அந்தத் திகதிக்குப் பக்கத்தில் பிள்ளையின் பேரை எழுதினார். உலகத்தில் அந்தப் பேர் எழுதியிருந்த ஒரே இடம் அது. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் மிசிஸ் நோலன் புத்தகத்தைத் திறப்பாவாம்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். பஞ்சாங்கம் இல்லை. தையலோடு ஒட்டி அடிக்கட்டைகள் மட்டும், புது வெட்டு, வெள்ளையாய். ஒன்றிரண்டில் பொன் தூளும் கிடந்தது. நான் நிமிர முன்னமே என் முகத்தைப் பார்த்து அவவுக்கு விளங்கிவிட்டது. கூரை திருத்தக் காசு தேவைப்பட்டு, தை மாதத்தில் விலை பார்க்க ஒருவரைக் கூப்பிட்டாவாம். உங்கள் ஊர்க்காரர் மாதிரித்தான் இருந்தார் என்றா. அவர் புத்தகத்தோடு ஒரு மணித்தியாலம் தனியாக இருந்துவிட்டு, இது பெறுமதி இல்லாதது, வீட்டிலேயே வைத்திருங்கள் என்று சொல்லிப் போனாராம். எந்தக் கையால் தேநீர் குடித்தார் என்று மட்டும் கேட்டேன். இடது கை என்றா. பிறகு, அவரைக் குற்றம் சொல்ல மனமில்லாதவ மாதிரி: “மிகவும் மரியாதையான மனிதர். போகும்போது கோப்பையைக் கழுவிவைத்துவிட்டுப் போனார்.”

தாளுக்குக் கால்

அன்றைக்குப் பின்னேரமே உம்முடைய வீட்டு வாசலில் வந்து நின்றேன். கதவைப் பாதி திறந்தீர். குரல் போன தொண்டையால் எவ்வளவு கத்த ஏலுமோ அவ்வளவு கத்தினேன். நீர் சிரித்தீர். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பொலிஸுக்குப் போயிருக்கவேண்டும். போனால் நீர் மிச்சத் தாள்களை நெருப்பில் போட்டுவிடுவீர் என்ற பயத்தில் போகவில்லை. நீர் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன்: “அண்ணை, உங்களுக்குத் தெரியாததோ? தாளுக்குக் கால் இருக்கு. அது நடந்து போற இடத்துக்கு நான் என்ன செய்யிறது?”

புழுவின் சாட்சி

நீர் கெட்டிக்காரர்தான். பஞ்சாங்கத் தாளைப் பிறந்தநாள் பரிசாக விற்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஆடியில் பிறந்தவருக்கு ஆடித் தாள், மாசியில் பிறந்தவருக்கு மாசித் தாள். ஆனால் பன்னிரண்டுக்கும் ஒரே கடையில் படச்சட்டம் போட்டீர். சட்டக்காரர் என் பழைய சிநேகிதர். யார் யார் வந்து எடுத்தார்கள் என்று அவர் நினைவாய்ச் சொல்ல, நான் ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினேன்.

முதலாவது ஆடி. புல் வெட்டுகிற ஒரு ஆள், தலையில் வைக்கோல் தொப்பி. வாங்கியிருந்தவர் வீடு விற்றுக்கொடுக்கிற தரகர், ஆற்றோரம் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தார். இது களவுத்தாள் என்றதும், அத்தாட்சி எங்கே என்றார். நான் மிசிஸ் நோலனிடம் இரவல் வாங்கிவந்த புத்தகத்தையும் ஒரு தையல் ஊசியையும் எடுத்தேன். இருநூறு வருஷத்துக்கு முன்னம் ஏதோ ஒரு புழு மட்டையில் தொடங்கி, பஞ்சாங்கம் முழுவதையும் துளைத்து, முதல் செபத்திலும் இரண்டு தாள் போய் நின்றிருக்கிறது. ஆடித் தாளை அதன் அடிக்கட்டையோடு சேர்த்துவைத்து, மட்டையிலிருந்து ஊசியைவிட்டேன். மட்டை, ஆடி, செபம் என்று தடையில்லாமல் போய் வந்தது. நான் பதிலுக்கு ஒரு நல்ல தேசப்படம் தருகிறேன் என்றேன். சின்னதாக இருக்கிறது, இன்னொன்றும் வேண்டும் என்றார். தொழில்காரன் தொழில்காரனை விடுவானா? கடைசியில் இரண்டு தேசப்படத்தில் வந்து நின்றது. கைகொடுக்கும்போது சொன்னார்: “உங்களோடு வழக்காடலாம். இந்தப் புழுவோடு என்னால் முடியாது.”

வாயைத் திறவுங்கோ

வைகாசித் தாள் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில், ரெய்னர்ஸ் லேனில், எங்கள் ஆளான பல் டொக்டரின் வரவேற்பறையில் தொங்கியது. பச்சைக் கிளையைப் பிடித்துக்கொண்டு குதிரையில் போகிற ஒரு துரை. டொக்டர் அதற்குக் கீழே ‘ஐரோப்பியப் பஞ்சாங்கம்’ என்று தமிழில் அட்டை எழுதி ஒட்டியிருந்தார். “என்ரை மகன் வைகாசி, அண்ணை. அவன்ரை தாளை ஏன் நான் தரவேணும்?” என்றார். நான் தொடங்கினேன். முதலில் நியாயம், பிறகு ஊர்ச் சம்பந்தம், பிறகு சத்தம். வரவேற்பறையில் ஆக்கள் திரும்பிப் பார்க்க, அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தி, “வாயைத் திறவுங்கோ” என்றார்.

என் வாழ்நாளில் பேரம் பேச ஏலாமல் இருந்த ஒரே கதிரை அது. அவர் கேள்வி கேட்பார், நான் ‘ஆ’ என்பேன். இரண்டு சூத்தைப்பல் கண்டுபிடித்தார். ஒன்றைக் கிண்டிக்கொண்டே மிசிஸ் நோலனின் கதையை மெல்ல மெல்லக் கேட்டார். நான் விரலாலும் கண்ணாலும் சொன்னேன். பேர் எழுதின கதை வந்ததும் அவருடைய கை நின்றது. பிறகு வேலையை முடித்து, வெளியே போய், தாளைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். “கொண்டுபோங்கோ அண்ணை. பல்லும் இப்பிடித்தான். ஒண்டை வெளியில எடுத்தால் பக்கத்தில இருக்கிறதெல்லாம் ஆடத் தொடங்கும்.”

மாசிக் குளிர்

மாசித் தாள் ஈஸ்ட்ஹாமில், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு மதுரைத் தம்பியிடம் இருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நெருப்புக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கிழவன், அதுதான் படம். தம்பியின் அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, இந்தத் தாள். விலை பேச இடமே தரவில்லை. எவ்வளவு தந்தாலும் தரமாட்டேன் என்றார். நான் கத்தவில்லை. அந்த அறையில் கத்த மனம் வரவில்லை. நான் எடுத்துக்கொண்டு போன போட்டோவைப் பார்த்து, ஒரு மாதம் கழித்து ஹெலன் அதே கிழவனை அதே நெருப்போடு, உண்மையான பொன் வைத்து ஒரு துண்டுத் தோலில் எழுதிக் கொடுத்தா. இராவிராவாகக் குந்தியிருந்து செய்த வேலை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தம்பி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பழையதை என்னிடம் நீட்டினார். “சரி சார், எடுத்துட்டுப் போங்க. லண்டன் வந்து மூணு வருஷமாச்சு, குளிர்ல தனியா உக்காந்திருக்கிறது நான் மட்டும் இல்லன்னு இந்த ஆளுதான் தெனமும் சொல்லிட்டிருந்தாரு.”

பதினொன்று

மற்ற எட்டுத் தாளையும் மீட்ட கதையை எழுதினால் பத்திரிகையில் இடம் காணாது. புரட்டாதி முடிவில் ஹெலனையும் கூட்டிக்கொண்டு ட்ராமில் குரோய்டனுக்குப் போனேன். ஹெலன் தாள்களை ஒட்டவில்லை. ஒட்டினால் அதுவும் ஒரு காயம் என்றா. ஒவ்வொன்றையும் அதனதன் அடிக்கட்டையோடு மெல்லிய நூலால் பிடித்தா. தை, மாசி, பங்குனி என்று புத்தகம் தடித்துக்கொண்டு வந்தது. மிசிஸ் நோலன் கையைத் துவாயில் துடைத்துவிட்டுப் புரட்டினா. ஐப்பசி. அடுத்தது மார்கழி. நடுவில் அடிக்கட்டை மட்டும். இதுவும் நல்லதுதான் என்று நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

அவ மார்கழித் தாளில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தா. ஹெலன்தான் எழும்பி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டோர்ச்சை மேசையோடு படுக்கவைத்துச் சரிவாக வெளிச்சம் அடித்தா. அந்தத் தோலில், ஒரு திகதிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பள்ளம் ஓடியது. மேலே இருந்த கார்த்திகைத் தாளில் எழுதினபோது கீழே பதிந்த தடம். வளைவு தெரிந்தது, நிமிர்ந்த கோடு ஒன்று தெரிந்தது. எழுத்தாக ஒன்றையும் வாசிக்க ஏலவில்லை. மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்தோம். என் தொழிலில் நான் பார்த்த பொன், நீலம், சிவப்பு ஒன்றும் அப்படி என் கண்ணை நிறைத்ததில்லை. மிசிஸ் நோலன் நிமிர்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினா. “அவர் எப்போதும் அழுத்தித்தான் எழுதுவார். செங்கல்லில் எழுதிப் பழகிய கை.”

உமக்கு

சட்டக்காரரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். பன்னிரண்டாவது சட்டம் என்ன ஆனது? அதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை, நீரே வந்து எடுத்தீர் என்றார். மற்றதெல்லாம் கறுப்புச் சட்டம், இது ரோஸ் நிறம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உம்முடைய மகள் கார்த்திகையில் பிறந்தவ. போன வருஷம் அவவின் பிறந்தநாளுக்கு நானும் மனிசியும் வந்து, கேக்கும் சாப்பிட்டு, கையில் காசும் வைத்துவிட்டு வந்தோம். பதினொன்றை விற்றீர், பன்னிரண்டாவதை விற்க உமக்கு மனம் வரவில்லை. அதை நினைக்கும்போதுதான் உம்மேல் எனக்குக் கோபமும் கூடுகிறது, நம்பிக்கையும் வருகிறது.

உம்முடைய பிள்ளையின் பேர் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் இருக்கிறது, கேக்கிலும் ஐசிங்கால் எழுதியிருந்தது. மற்றப் பிள்ளைக்கு உள்ளங்கையளவு தோலில் அரை விரல் இடம். அந்தப் பேரை மிசிஸ் நோலன் எனக்குச் சொன்னவ. இங்கே எழுதமாட்டேன், அதற்குரிய இடம் இது இல்லை. தாள் துப்புரவாயிருக்கவேண்டும் என்று நீர் பென்சிலை அழித்திருப்பீரோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அழித்திருந்தாலும் கொண்டுவாரும். தோல் அழுத்தத்தை மறக்காது, வெளிச்சத்தைச் சரித்து அடித்தால் தகப்பனின் கை தெரியும்.

மிசிஸ் நோலன் புத்தகத்தைத் திறக்கிற நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. முகவரி உமக்குத் தெரியும், தேநீர் குடித்த வீடுதான். என்னிடம் தரவேண்டியதில்லை, என் முகத்தில் முழிக்கவும் வேண்டாம், அவவின் கையில் கொடும். இருபது வருஷமாக ஒருவர் சொன்ன முதல் விலைக்கும் தலையாட்டாத நான், இந்த ஒரு தாளுக்கு நீர் என்ன விலை சொன்னாலும் ஓம் என்று இப்போதே எழுதித் தருகிறேன், வெட்டினதைக் கொண்டுபோய் வெட்டின இடத்தில் வையும்.